மேன்ஹவர் கணக்குக்கு டைம் ஆபீஸில் இருந்து தொடங்குங்கள்

மாதம் பிறந்து முதல் வாரம் வந்தால் சேஃப்டியில் வேலை பார்க்கும் தம்பிகள் யாராவது போன் பண்ணுவார்கள். "அண்ணா, போன மாச மேன்ஹவர் ஹெட் ஆபீஸ்ல கேக்குறாங்க, எப்படிப் போடுறது?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இதுவரைக்கும் எங்கே இருந்து எடுத்தீர்கள்? அனேகமாக எல்லோரிடமும் ஒரே பதில் வரும். எச்.ஆர். கொடுக்கிற ஆள் எண்ணிக்கையை எட்டால் பெருக்கி, அதை முப்பதால் பெருக்கி, வந்ததை அப்படியே எக்செல்லில் போட்டுவிடுகிறார்கள். அந்த எண் ரிப்போர்ட்டுக்குப் போகிறது, அங்கிருந்து கேட்டில் மாட்டியிருக்கும் "விபத்தில்லா மனித மணி நேரம்" போர்டுக்குப் போகிறது, அப்புறம் வருடக் கடைசியில் அவார்டு விண்ணப்பத்துக்கும் போகிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தக் கணக்கைப் பற்றி விவரமாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். விபத்து எத்தனை என்று சண்டை போடுகிற அளவுக்கு, விபத்து விகிதம் போட அதை எதால் வகுக்கிறோம் என்பதில் யாரும் கவனம் செலுத்துவதில்லை. வகுக்கும் எண் தப்பு என்றால் மேலே இருக்கும் எண் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

மேன்ஹவர் என்றால் ஒரு ஆள் ஒரு மணி நேரம் வேலை பார்த்தது. பத்து பேர் எட்டு மணி நேரம் பார்த்தால் எண்பது. இதில் புரியாதது எதுவும் இல்லை. ஆனால் பாதுகாப்புக் கணக்கில் இந்த எண் எதற்கு வருகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐம்பது பேர் இருக்கும் பட்டறையில் வருடத்துக்கு இரண்டு பேருக்கு அடிபடுவதும், ஐயாயிரம் பேர் இருக்கும் ஆலையில் இரண்டு பேருக்கு அடிபடுவதும் ஒன்றில்லை. ஆபத்துக்குப் பக்கத்தில் மொத்தம் எவ்வளவு மனித நேரம் இருந்தது என்று தெரிந்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும். அதனால் இங்கே எண்ண வேண்டியது உண்மையில் வேலையில் இருந்த நேரம். சம்பளம் கொடுத்த நேரம் வேறு. லீவு, பண்டிகை விடுமுறை, வாராந்திர விடுமுறை இதற்கெல்லாம் சம்பளம் உண்டு, ஆனால் அன்றைக்கு அவர் வீட்டில் இருந்தார். வீட்டில் இருந்தவருக்கு நம் கன்வேயரில் கை மாட்டாது. அந்த மணிகளைச் சேர்க்கக் கூடாது. அதே போல் ஓ.டி. (ஷிப்டுக்கு மேல் கூடுதல் நேரம்) பார்த்த ஒவ்வொரு மணியையும் சேர்க்க வேண்டும். சாப்பாட்டு இடைவேளையைக் கழிக்க வேண்டும், பத்து நிமிட டீ நேரத்தைக் கழிக்க வேண்டியதில்லை. பெர்மிட்டுக்காக, அதாவது வேலை தொடங்க எழுத்து அனுமதிக்காக, காத்திருந்த நேரம், மெஷின் நின்றுபோய் சும்மா நின்ற நேரம் எல்லாம் வேலை நேரம்தான். கம்பெனி பஸ்ஸில் வந்து போகிற நேரம் இதில் வராது.

ஒரு ஆலையை வைத்துப் பார்ப்போம். எண்கள் நான் எடுத்துக்காட்டுக்குப் போடுவது. நிரந்தரத் தொழிலாளர்கள் 120 பேர், கான்ட்ராக்ட் ஆட்கள் ரோலில் 180 பேர், செக்யூரிட்டி, கேன்டீன், தோட்டம் எல்லாம் சேர்த்து 22 பேர். மாதத்தில் 26 வேலை நாள், சாப்பாட்டு நேரம் போக நாளுக்கு 8 மணி. நிரந்தர ஆட்கள் 120-ஐ 26-ஆலும் 8-ஆலும் பெருக்கினால் 24,960. அந்த மாதம் எல்லோரும் சேர்ந்து எடுத்த லீவு 210 நாள் என்றால் அதில் 1,680 மணியைக் கழிக்க வேண்டும். ஓ.டி. 900 மணியைக் கூட்டினால் 24,180. கான்ட்ராக்ட்டில் ரோலில் 180 பேர் இருந்தாலும் கேட் பதிவில் சராசரியாக 165 பேர்தான் உள்ளே வந்திருக்கிறார்கள், அதனால் 34,320 மணி, அவர்கள் பார்த்த ஓ.டி. 2,600 மணி, மொத்தம் 36,920. மீதி 22 பேருக்கு 4,900 மணி என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் கூட்டினால் 66,000.

இதையே தம்பிகள் போடுகிற மாதிரி 322 பேர், எட்டு மணி, முப்பது நாள் என்று போட்டால் 77,280 வரும். மாதத்துக்குப் பதினோராயிரத்துச் சொச்சம் மணி, யாருமே பார்க்காத வேலை.

வருடத்துக்கு உண்மைக் கணக்கு 7,92,000 மணி. அந்த வருடம் வேலைக்கு வர முடியாத அளவுக்கு மூன்று பேருக்கு அடிபட்டது என்றால், மூன்றைப் பத்து லட்சத்தால் பெருக்கி 7,92,000-ஆல் வகுக்க வேண்டும். 3.79 வருகிறது. இதுதான் நாம் ஃப்ரீக்வென்சி ரேட் என்று சொல்வது. ஊதிப் பெருக்கிய மணியால் வகுத்தால் 3.23. மெஷினுக்கு ஒரு பாதுகாப்பு மறைப்பு போடாமல், ஒரு கைப்பிடி மாட்டாமல், ஒரு வகுப்பு எடுக்காமல் ஆலை பதினைந்து சதவீதம் பாதுகாப்பாகிவிட்டது.

இந்தப் பத்து லட்சம் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 3786-இல் இருக்கிறது, உலகத் தொழிலாளர் அமைப்பின் வழக்கமும் அதுதான். அமெரிக்காவில் ஓஷா என்ற தொழில் பாதுகாப்புத் துறை வேறு எண் வைத்திருக்கிறது, இரண்டு லட்சம். நூறு பேர், வாரம் 40 மணி, வருடம் 50 வாரம், அதுதான் இரண்டு லட்சம் மணி. அவர்களுக்கு அந்த எண் "நூறு பேருக்கு வருடத்துக்கு எத்தனை பேர் அடிபட்டார்கள்" என்று சொல்லும். நம் ஊரில் வாரம் 48 மணி, நூறு பேர் ஐம்பது வாரம் பார்த்தால் 2,40,000 மணி ஆகிவிடும், அதனால் அதே அர்த்தம் இங்கே அப்படியே வராது. வெளிநாட்டுத் தாய்க் கம்பெனி இருக்கும் ஆலைகளில் இந்த இரண்டும் கலந்து பெரிய குழப்பம் நடக்கும். மேலே சொன்ன அதே மூன்று விபத்துக்கு இரண்டு லட்சம் கணக்கில் 0.76 வரும். ஒரு ஆலை 3.79 என்று அனுப்பி, இன்னொன்று 0.76 என்று அனுப்பி, பிரசன்டேஷனில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பட்டையாக வரைந்து, முதல் ஆலைக்காரரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். அதோடு ஓஷா கணக்கில் டாக்டர் சிகிச்சை தேவைப்பட்ட காயமும் சேரும், நாம் வேலை நாள் இழந்த காயத்தை மட்டும் எண்ணியிருப்போம். எந்த எண்ணை அனுப்பினாலும் பக்கத்தில் எதால் பெருக்கினீர்கள், எதை எண்ணினீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சரி, கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

மணலி, எண்ணூர் பக்கம் ஆகட்டும், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் ஆகட்டும், உள்ளே வேலை பார்ப்பவர்களில் பெரிய பங்கு கான்ட்ராக்ட் ஆட்கள். கஷ்டமான வேலை, உயரத்து வேலை, டேங்குக்குள் இறங்குகிற வேலை எல்லாம் அவர்கள் தலையில்தான். ஐ.எஸ். 3786 கான்ட்ராக்ட் ஆட்களின் மணியையும் சேர்த்தே கணக்கிடச் சொல்கிறது. சேர்க்காமல் விடுகிற ஆலைகள் உண்டு, அது தப்பு. ஆனால் அதைவிட மோசமான ஒன்று உண்டு. மணியைச் சேர்ப்பார்கள், அடிபட்டதைச் சேர்க்க மாட்டார்கள். நம் எடுத்துக்காட்டில் அடிபட்ட மூவரில் ஒருவர் நிரந்தரம், இருவர் கான்ட்ராக்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே 7,92,000 மணியும் இருக்கும், மேலே ஒன்று மட்டும் இருக்கும். 1.26. "அவங்க கான்ட்ராக்டர் ஆளு சார், அவங்க ரெஜிஸ்டர்ல வரும்" என்பார்கள். அவர் உழைத்த மணி நம்முடையது, அவர் கையில் பட்ட அடி கான்ட்ராக்டருடையதா? யாருடைய மணியைக் கீழே போடுகிறோமோ அவருடைய காயத்தை மேலே போட்டே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவில் டெக்சஸ் சிட்டியில் பி.பி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. 15 பேர் இறந்தார்கள், சுமார் 180 பேருக்குக் காயம். இறந்த 15 பேரும் கான்ட்ராக்ட் ஆட்கள், யூனிட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த டிரெய்லர் ஆபீஸ்களிலும் அதன் அருகிலும் இருந்தவர்கள். அந்த ஆலையின் தனிநபர் காய விகிதம் குறைவாக இருந்ததை வைத்து நிர்வாகம் எல்லாம் நன்றாக இருப்பதாக நம்பியது, உள்ளே பிராசஸ் பாதுகாப்பு (தீ, வெடிப்பு, கசிவு வராமல் ஆலையையே பார்த்துக்கொள்வது) இற்றுப்போய்க் கிடந்தது என்று விசாரணை செய்த கெமிக்கல் சேஃப்டி போர்டு எழுதியது. இன்னொன்றும் அந்த அறிக்கையில் இருக்கிறது: அந்த யூனிட்டை ஓட்டிய ஆபரேட்டர்கள் பன்னிரண்டு மணி ஷிப்டில் 29 நாளோ அதற்கு மேலோ தொடர்ச்சியாக வேலை பார்த்திருந்தார்கள்.

அந்த 29 நாள் மொத்த மேன்ஹவர் எண்ணில் தெரியவே தெரியாது. நான்கு பேர் பன்னிரண்டு மணி பார்த்தால் 48, ஆறு பேர் எட்டு மணி பார்த்தாலும் 48. வகுக்கும் எண் ஒன்றுதான். ஆனால் பதினோராவது மணியில் வால்வைத் திருப்புகிறவரின் கண்ணும் கையும் முதல் மணியில் இருந்த மாதிரி இருக்காது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி ஷிப்டுக்கு வழி செய்யும் திருத்தம் நிறைவேறியபோதும் இதே வாதம்தான் வந்தது. வாரத்துக்கு 48 மணி மாறாது, நான்கு நாளில் முடித்துவிடலாம் என்று ஒரு பக்கம் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. மொத்தம் மாறாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு உடம்பு ஒரே மூச்சில் எவ்வளவு தாங்க வேண்டும் என்பது மாறுகிறது, எனக்கு எதிர்த்தவர்கள் சொன்னதுதான் சரி என்று பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

1948 தொழிற்சாலைச் சட்டத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதை எழுதியவர்கள் மொத்தத்தோடு நிறுத்தவில்லை. வாரத்துக்கு 48 மணி, நாளுக்கு 9 மணி, ஐந்து மணி நேர வேலைக்கு ஒரு தடவையாவது அரை மணி ஓய்வு, உள்ளே வந்ததில் இருந்து வெளியே போகிற வரை பத்தரை மணி, ஓ.டி. சேர்த்தாலும் வாரத்துக்கு 60, வாராந்திர விடுமுறையை மாற்றிக் கொடுத்தாலும் பத்து நாளுக்கு மேல் விடுமுறை இல்லாமல் தொடரக் கூடாது. 2025 நவம்பர் 21-இல் இருந்து அந்த இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, நாளுக்கு எட்டு மணி என்றும் ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்றும் அதிலும் இருக்கிறது. நான் சொல்ல வருவது, ஒவ்வொரு ஆளின் மணியையும் தனித்தனியாகப் பார்க்கச் சட்டமே எப்போதோ சொல்லிவிட்டது என்பது.

அதை எங்கே பார்ப்பது? ஆட்கள் வருகிற, போகிற நேரம் பதிவாகும் டைம் ஆபீஸில்தான். ஒரு பழைய கான்ட்ராக்டரின் மஸ்டர் ரோலை (வருகைப் பதிவேட்டை) எடுத்து மெதுவாகப் பாருங்கள். பெயருக்கு எதிரே நாள் நாளாகக் கட்டம் இருக்கும், வந்திருந்தால் ஒரு கோடு அல்லது டிக். சில கட்டத்தில் ஒன்றரை என்று இருக்கும், சிலதில் இரண்டு. ஒன்றரை டூட்டி என்றால் பன்னிரண்டு மணி. டபுள் டூட்டி என்றால் பகல் பார்த்துவிட்டு அப்படியே ராத்திரியும் பார்த்தது, பதினாறு மணி. கடைசிக் கட்டத்தில் கூட்டு போட்டிருப்பார்கள், முப்பது நாள் மாதத்தில் ஒருவருக்கு 38 டூட்டி என்று இருக்கும். சம்பளம் போடுகிறவருக்கு அது 38 நாள் கூலி, அவ்வளவுதான். எச்.ஆர். அதைத் தொகுக்கும்போது ஆள் எண்ணிக்கை ஒன்று, இவர்கள் எட்டாலும் முப்பதாலும் பெருக்கி 240 மணி என்று எழுதுவார்கள். அந்த ஆள் உண்மையில் பார்த்தது 304 மணி. அது நடந்தது எந்த வாரம், எந்த இரவு என்று பார்த்தால் பெரும்பாலும் ஷட்டவுன் வாரமாக, அதாவது பராமரிப்புக்காகப் பிளான்ட்டை நிறுத்திய வாரமாக இருக்கும்.

சம்பளப் பட்டியலில் இருந்து எடுப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்பதால் சில இடத்தில் ஓ.டி. இரண்டு மணி பார்த்தால் பட்டியலில் நான்கு மணி என்று ஏற்றிவிடுவார்கள், சம்பளம் போட வசதியாக. அதை அப்படியே எடுத்தால் மேன்ஹவர் ஊதும். இன்னும் சில இடத்தில் சட்ட வரம்பைத் தாண்டிய ஓ.டி.யைப் பட்டியலில் காட்டாமல் "இன்சென்டிவ்" என்று வேறு தலைப்பில் கொடுப்பார்கள். அங்கே மணி சுருங்கும். இரண்டையும் தவிர்க்க ஒரே வழி, கேட்டில் பஞ்ச் ஆன நேரம், வெளியே போன நேரம். பயோமெட்ரிக் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் செக்யூரிட்டி எழுதும் கேட் ரெஜிஸ்டரே போதும். செக்யூரிட்டி அண்ணன்களோடு நல்லபடியாகப் பழகிக்கொள்ளுங்கள், ஆலைக்குள் யார் எப்போது வந்தார், யார் ராத்திரி வெளியே போகவே இல்லை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

இந்த டபுள் டூட்டி எங்கே இருந்து வருகிறது என்று தேடிப் போனால் பிளானிங்கில் போய் நிற்கும். ஷட்டவுனில் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சரின் (வெப்பப் பரிமாற்றியின்) குழாய்க் கட்டான பண்டிலை வெளியே இழுத்து, கழுவி, திரும்ப மாட்டுவதற்கு 160 மேன்ஹவர் என்று எஸ்டிமேட் போடுகிறார்கள் என்று வையுங்கள். எட்டால் வகுத்து 20 ஆள் ஷிப்டு என்று கான்ட்ராக்டருக்குச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் எட்டு மணி ஷிப்டில் ஒரு ஃபிட்டர் கையில் ஸ்பேனரோடு வேலை பார்ப்பது எவ்வளவு நேரம்? காலையில் டூல்பாக்ஸ் டாக் என்கிற பாதுகாப்புப் பேச்சு, அப்புறம் பெர்மிட்டுக்கு வரிசை, கேஸ் டெஸ்ட் எடுக்கும் ஆள் வர வேண்டும், கிரேன் வேறு இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கும், ஸ்டோரில் கேஸ்கெட் சைஸ் மாறி வந்திருக்கும். ஐந்து மணி நேரம் கிடைத்தால் அது நல்ல நாள். அப்படிப் பார்த்தால் 160-க்கு 32 ஆள் ஷிப்டு வேண்டும். பன்னிரண்டு ஷிப்டு குறைகிறது. தேதி மாறாது, பிளான்ட் திரும்ப ஓடியாக வேண்டும். அந்தப் பன்னிரண்டையும் யார் பார்ப்பார்கள்? ஏற்கெனவே உள்ளே இருக்கும் அதே ஆட்கள், ராத்திரியில். கடைசி நேரத்தில் கூடுதல் ஆட்களை இறக்கினாலும் ஒரு எக்ஸ்சேஞ்சரைச் சுற்றி நிற்க இடம் ஒரு அளவுதான், மீதிப் பேர் செயின் பிளாக்குக்குக் கீழே நின்று வேடிக்கை பார்ப்பார்கள், அது அதைவிட ஆபத்து.

அதனால் பிளானிங் ஆட்களும் சேஃப்டி ஆட்களும் ஒரே மணியை இரண்டு விதமாக எழுத வேண்டியிருக்கிறது. வேலை முடிய எவ்வளவு கை வேலை தேவை என்பது 160. அதற்காக ஆட்கள் உள்ளே இருந்தது 32 ஷிப்டு, அதாவது 256 மணி. விகிதத்துக்கு வகுக்க வேண்டியது 256. பெர்மிட்டுக்காகப் பைப் ரேக்குக்குக் கீழே காத்திருப்பவர் தலையிலும் மேலே இருந்து நட்டு விழலாம். இந்த இரண்டு எண்ணையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஷட்டவுனுக்கு முந்தைய மீட்டிங்கில் வைத்தால் பேச்சே மாறிவிடும். தாமதம் எங்கே என்று தெரியும், இரண்டாவது கேஸ் டெஸ்ட் ஆளைப் போடலாமா என்று பேசுவார்கள். நான் சேஃப்டியில் இருந்து பிளானிங் மீட்டிங்கில் சொன்ன பாதிக்கு மேற்பட்ட விஷயங்கள் ஹெல்மெட், பெல்ட் பற்றி இல்லை, இந்த மணிக்கணக்கு பற்றித்தான்.

ஷட்டவுன் மாதத்தின் விகிதத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மணியும் ஏறும், புது முகங்களும் நிறைய, வேலையின் தன்மையே வேறு. சாதாரண மாதத்தோடு கூட்டிவிட்டால் இரண்டும் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். ஹெட் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் மணியையும் ஆலை மணியோடு கலக்காதீர்கள். மொத்தத்தில் காட்ட வேண்டும் என்றால் காட்டலாம், ஆனால் பிளான்ட் விகிதம் என்று ஒன்று தனியாக இருக்க வேண்டும்.

இப்போது கேட்டில் இருக்கும் அந்தப் போர்டு. பத்து லட்சம் விபத்தில்லா மணி நேரம் என்றால் ஸ்வீட் பாக்ஸ், இருபது லட்சம் என்றால் எல்லோருக்கும் டிராவல் பேக். கொடுப்பவர்களுக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த எண் பெரிதாகப் பெரிதாக அதை உடைக்கும் முதல் ஆளாக இருக்க யாருக்கும் தைரியம் வராது. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ஃபிளாஞ்சை இறக்கும்போது ஒரு கான்ட்ராக்ட் ஹெல்ப்பருக்கு இடது நடுவிரல் நுனி நசுங்கிவிட்டது. தையல் போட்டார்கள். மறுநாள் காலையில் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்து பஞ்ச் வைக்கச் சொன்னார். அவர் டைம் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையைக் கீழே தொங்கவிட்டால் விண்விண் என்று தெறிக்கும் என்பதால், கட்டுப் போட்ட விரலை நெஞ்சோடு சேர்த்து மேலே தூக்கிப் பிடித்தபடி சாயந்திரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு யாரோ கொண்டுவந்து பிசைந்து கொடுத்தார்கள். சாயந்திரம் பஞ்ச் வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாளும் அப்படியே. 48 மணி நேரம் வேலைக்கு வராமல் இருந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு நாள் வராமல் இருந்தாலே கம்பெனி கணக்கில் எல்.டி.ஐ. (வேலை நாள் இழந்த காயம்) ஆகிவிடும். அவர் "வந்துவிட்டதால்" ரெஜிஸ்டரில் முதலுதவி என்று எழுதினார்கள்.

அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்த எட்டு எட்டு மணி நேரமும் போர்டில் விபத்தில்லா மணியாகக் கூட்டப்பட்டது. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. சரியான இலகு வேலை கொடுப்பது வேறு, அதை டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும், அந்த ஆளால் உண்மையிலேயே செய்ய முடிகிற வேலையாக இருக்க வேண்டும், ரெஜிஸ்டரிலும் அப்படியே எழுத வேண்டும். வலியோடு ஒருவரைப் பெஞ்சில் உட்கார வைப்பதை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கிணற்று மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். அதே நாளில் அந்த மேடைக்குக் கம்பெனி அதிகாரிகள் வந்திருந்தார்கள். ஏழு வருடம் வேலை நாள் இழப்பு விபத்து இல்லாமல் ஓட்டியதற்குப் பாராட்டும் அந்த வருகையில் ஒரு பகுதி. அந்த ஏழு வருட எண் பொய் என்று நான் சொல்லவில்லை. கீழே கிணற்றில் என்ன நடக்கிறது என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. போர்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் அதில் இந்த மாதம் எத்தனை நியர் மிஸ் (யாருக்கும் அடிபடாமல் மயிரிழையில் தப்பியது) எழுதி வந்தது, அதில் எத்தனை சரிசெய்து முடித்தோம் என்று எழுதுங்கள்.

ஃப்ரீக்வென்சி ரேட்டோடு சிவியரிட்டி ரேட்டையும் போடுங்கள். அடிபட்டதால் இழந்த நாட்களைப் பத்து லட்சத்தால் பெருக்கி அதே மணியால் வகுப்பது. மரணம் என்றால் 6,000 நாள் இழப்பு என்று ஐ.எஸ். 3786 வைத்திருக்கிறது. நம் 7,92,000 மணி ஆலையில் ஒருவர் இறந்தால் அந்த ஒன்றிலேயே சிவியரிட்டி ரேட் 7,576 ஆகிவிடும். ஃப்ரீக்வென்சி ரேட்டில் அதுவும் விரல் நசுங்கியதும் ஒரே "ஒன்று"தான். அதனால்தான் இரண்டும் வேண்டும்.

நடைமுறைக்கு நான் வைத்திருப்பது ஒரு சாதாரண எக்செல். ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்தில் உள்ளே இருந்த மணி, சாப்பாட்டு நேரம் கழித்து. எந்தக் கான்ட்ராக்டர், எந்த வேலை, எந்த ஏரியா என்று மூன்று பத்தி. கீழே கூட்டினால் மாத மேன்ஹவர் தானாக வந்துவிடும். பக்கவாட்டில் கூட்டினால் ஒவ்வொரு ஆளின் வார மணி வரும், அறுபதைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகும், பத்து நாள் விடுமுறை இல்லாமல் போனால் பெயர் சிவப்பாகும். வெள்ளிக்கிழமை அந்தச் சிவப்புப் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எடுத்து அந்தந்தக் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுப் பேசுவேன். முதல் மாதம் முறைத்துக்கொள்வார்கள், அப்புறம் அவர்களே முந்தின நாள் மாற்று ஆள் ஏற்பாடு பண்ணிவிட்டு வருவார்கள். சப் கான்ட்ராக்டரின் சப் கான்ட்ராக்டர் என்று ஒரு சங்கிலி இருக்கும், பெயிண்டிங், சாரம் கட்டுகிறவர்கள், ஒரு நாள் மட்டும் வருகிற கிரேன் ஆபரேட்டர், லாரி லோடு இறக்குகிறவர்கள். இவர்கள்தான் எல்லா லிஸ்ட்டிலும் விடுபடுவார்கள். கேட் பதிவில் விசிட்டர் என்று எழுதியிருந்தாலும் உள்ளே வேலை பார்த்திருந்தால் அந்த மணியைச் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, இருபது பேர் வைத்து லேத் பட்டறை, ஃபேப்ரிகேஷன் நடத்துகிறவர்கள் சிலர் எங்களுக்கும் இந்த விகிதம் வேண்டுமா என்று கேட்கிறார்கள். இருபது பேர் வருடத்துக்கு 2,400 மணி வீதம் பார்த்தால் 48,000 மணி. ஒருவருக்கு அடிபட்டால் விகிதம் 20.8 என்று தாவும், யாருக்கும் படாவிட்டால் பூஜ்யம். நீங்கள் பத்து லட்சம் மணியைத் தொட இருபது வருடத்துக்கு மேல் ஆகும், அதனால் ஒரு வருட விகிதத்தை வைத்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். ஆள் வாரியான மணியை மட்டும் எழுதி வையுங்கள், கையில் கீறல் பட்டாலும் அதே நோட்டில் தேதியோடும் நேரத்தோடும், அவர் அன்றைக்கு எத்தனையாவது மணியில் இருந்தார் என்பதோடும் எழுதுங்கள். மூன்று நான்கு வருடத்தைச் சேர்த்துப் பார்க்கும்போது எந்த மெஷின், எந்த நேரம் என்று அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.